மூக்கைச் சுளிக்காத பிள்ளைகள்

பதினோராம் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன தமயந்திக்கு முதலில் கண்ணில் பட்டது தயிர்சாதம்தான்.

மாணவி பவதாரிணி கட்டில் ஓரமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டிபன் பாக்ஸை மடியில் வைத்துச் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, கட்டிலில் பாவாத்தாள் மார்பைத் திறந்துபோட்டுப் படுத்திருந்தாள். இடது மார்பில் புற்று தோலைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருந்தது. அதன் மேல் ஒட்டிக்கொண்ட பழைய கட்டுத்துணி உப்புநீரில் ஊறிக்கொண்டிருக்க, மஞ்சளும் பச்சையுமாக ஏதோ கசிந்து விலாவோரம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நாற்றம், வார்டிலேயே வயதைத் தொலைத்த தமயந்திக்கும் தொண்டைக்குழியில் வந்து உட்கார்ந்தது.

"என்னம்மா பண்றே இங்கே?"

"துணி இளகணும் சிஸ்டர். இல்லேன்னா எடுக்கறப்போ ரத்தம் வரும். அது வரைக்கும் சும்மா இருப்பானேன்னு..." பவதாரிணி விரலில் ஒட்டியிருந்த பருக்கையை நக்கிக்கொண்டாள். "கையை நல்லாக் கழுவிட்டுத்தான் உக்காந்தேன் சிஸ்டர்."

தமயந்திக்கு வயிற்றைப் பிரட்டியது. புண்ணைப் பார்த்து அல்ல. புண்கள் அவளுக்குப் பழகியவை. அந்த விரலை நக்கியதைப் பார்த்துத்தான்.

"நோயாளி ரூம்ல சாப்பிடக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? எடுத்துட்டு வெளிய போ."

"அந்தப் புள்ளய வையாதீங்க அம்மிணி" என்றாள் பாவாத்தாள். சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் வேலை பார்த்தவள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவள் குரலே கொஞ்சம் உரத்துத்தான் இருக்கும். நோய் அதையும் இறக்கிவிட்டிருந்தது. "என்ற பக்கத்துல உக்காந்து ஒருத்தரு சோறு திங்கறதப் பாத்து எத்தன மாசமாச்சு தெரியுமா? என்ற மக வாறா. வாசப்படியோட நின்னுக்கறா. முந்தானைய மூக்குல வெச்சுட்டு, எப்படியிருக்கறேனு கேட்டுப்போட்டுப் போயிர்றா. இந்தப் புள்ள மூக்கச் சுளிக்கல பாருங்க."

தமயந்தி பவதாரிணியின் வலது காதுக்குப் பின்னால், முடிக்கு அடியில், தோல் நிறத்தில் ஒட்டியிருந்த சிறிய பட்டையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தமயந்தி அந்த வாரம்தான் ப்ரிசெப்டர் ஆகியிருந்தாள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள் வேறு. வார்டில் மாணவிகளின் கூடவே நின்று, ஊசி போடுவதிலிருந்து பிணத்தைத் துடைப்பதுவரை கைப்பழக்கம் வரவழைத்து அனுப்புகிறவர்தான் ப்ரிசெப்டர். கோவையின் அந்தப் பெரிய தனியார் மருத்துவமனையில் அது கௌரவமான இடம். தமயந்தி வெகுநாளாக ஆசைப்பட்டு, விண்ணப்பித்து, இரண்டு முறை கைநழுவிப் போய்க் கிடைத்தது.

கிடைத்த பிறகுதான் தெரிந்தது, அவளிடம் வந்து சேர்ந்த மாணவிகள் எல்லோரும் பட்டை போட்டவர்கள் என்று.

அதை விளக்கிச் சொன்னவர் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் ரெஜினா. தமயந்தியை வேலைக்கு எடுத்தவரே அவர்தான். அவரைப் பற்றி ஆஸ்பத்திரியில் ஒரு கதை உண்டு: ஒருமுறை இறந்துபோன ஒரு கிழவரின் பல்செட்டை எடுத்துக்காட்டிச் சிரித்த அட்டெண்டர் ஒருவனை, எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்துவிட்டார்.

"நம்ம காலேஜ்ல முதல் வருஷமே பாதிப் பிள்ளைங்க நின்னுருது, தமயந்தி. ஏன்னு கேட்டா எல்லாத்துக்கும் ஒரே பதில்தான். மலம், சளி, சீழ், வாந்தி. படிக்க முடியாம நிக்கலை. சகிக்க முடியாம நிக்குது" என்றார் ரெஜினா. "மூளையில அருவருப்பு உண்டாகுற ஒரு இடம் இருக்கு. இந்த நிதானப் பட்டை காதுக்குப் பின்னாடி இருக்கற நரம்பு வழியா லேசா ஒரு மின்னோட்டம் குடுத்து அந்த இடத்தை அமத்திடும். வாசனை தெரியும். இது சீழ் வாசனைன்னு சொல்லவும் தெரியும். குமட்டாது, அவ்வளவுதான். ராத்திரி பகல்னு எந்நேரமும் போட்டே இருக்கணும்னு காலேஜ்ல கையெழுத்து வாங்கியிருக்கோம். இந்த பேட்ச்ல ஒரு பிள்ளைகூட நிக்கலை."

"வேற எதையும் அமத்தாதா மேடம்?"

"வேற எதை?"

தமயந்திக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை.

முதல் சில நாட்கள் அவளுக்குமே மலைப்பாக இருந்தது. அந்தப் பெண்கள் எதற்கும் தயங்கவில்லை. சளி உறிஞ்சும் குழாயை வெற்றிலைப் பெட்டியைத் திறப்பது போல எடுத்துக் கையாண்டார்கள். மலம் நிறைந்த பெட்பேனைத் தூக்கிக்கொண்டு சினிமாப் பாட்டை முணுமுணுத்தபடி நடந்தார்கள். நோயாளிகள் அவர்களைக் கொண்டாடினார்கள். தமயந்தி முதல் வருடத்தில் ஒரு டயபர் மாற்றிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதவள். இவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லையே என்று சந்தோஷப்படப் பார்த்தாள்.

ஆனால் சந்தோஷம் வரவில்லை. அருவருப்புதான் வந்தது.

ஒரு காலையில் ஏழாம் அறையில் பக்கவாதம் வந்த பெரியவர் படுக்கையிலேயே மலம் கழித்துவிட்டிருந்தார். மாணவி ஒருத்தி பக்கத்திலேயே நின்று ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. பெரியவரின் கண் மேலும் கீழும் அலைந்தது. பேச்சு வராது அவருக்கு.

"ஏம்மா, உனக்குத் தெரியலையா?"

"தெரியுது சிஸ்டர். சுத்தம் பண்ற ரவுண்டு எட்டரைக்குத்தானே?"

அவள் சோம்பேறி அல்ல. எட்டரைக்குச் சரியாக வந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் துடைத்து, பவுடர் போட்டு, விரிப்பை மாற்றிவிட்டுப் போவாள். அதுவரை அவர் அதிலேயே கிடக்கலாம் என்பதில் அவளுக்கு ஒரு உறுத்தலும் இல்லை. தமயந்தியே கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்தாள். துடைக்கத் துடைக்க அவளுக்கு ஒன்று புரிந்தது. இத்தனை வருடம் தன்னை ஓடவைத்தது கருணை மட்டுமில்லை. ஐயோ, இதில் ஒரு மனிதன் கிடக்கிறானே என்ற குமட்டலும்தான். அந்தக் குமட்டல்தான் அவள் கையை விரட்டியிருக்கிறது.

இன்னொரு நாள், வெட்டியெடுத்த சர்க்கரைநோய்க் கால்விரல்கள் கிடந்த தட்டின் விளிம்பில் ஒருத்தி செல்போனைச் சாய்த்து வைத்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். தமயந்தி போனைப் பிடுங்கினாள். அந்தப் பெண் கோபப்படவில்லை. ஏன் பிடுங்கினார்கள் என்று நிஜமாகவே விளங்காமல் முழித்தாள். அன்று மதியம் தமயந்தி தன் சாப்பாட்டை அப்படியே குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். வீட்டில் கணவர் தனசேகர், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டபோது, "பிள்ளைங்க நல்லா வேலை செய்யுதுங்க" என்று சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள்.

ப்ரிசெப்டர் என்ற முறையில் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஷிப்ட் முடிந்ததும் மாணவிகளை ஒவ்வொருவராக மருந்தறைக்குப் பக்கத்துச் சின்ன அறைக்குக் கூப்பிட்டு, அன்று பார்த்ததை எல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்வாள். பார்த்ததைச் சொல்லப் பழகினால்தான் கண் கூர்மையாகும் என்பது அவள் நம்பிக்கை.

ஒரு நாள் பவதாரிணி வந்து உட்கார்ந்தாள். பொள்ளாச்சிக்காரி, துறுதுறுவென்று இருப்பாள். கற்றதை மறக்க மாட்டாள்.

"பதினொண்ணுல பாவாத்தாக்கா மதியம் ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க. கட்டு மாத்தினேன், கசிவு நேத்தைவிடக் கொஞ்சம் அதிகம். ஒன்பதுல ட்ரிப்ஸ் மாத்தினேன். பதினாலுல வைஷாலிக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாங்க. டெக்னீஷியன் பிரேம்நாத் வந்தார். எடுத்து முடிச்சப்புறம் போர்வைய முழுசா விலக்கிட்டு அவர் போன்ல படம் எடுத்தார். தொட்டார். அப்புறம் மிஷினைத் தள்ளிட்டுப் போனார். நான் கவுனைச் சரிபண்ணிப் போர்த்திவிட்டேன். ஜுரம் இல்லை. யூரின் பை காலி பண்ணி..."

"நிறுத்து."

பவதாரிணி நிறுத்தினாள்.

"என்ன சொன்னே இப்போ?"

அவள் திரும்பவும் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், பேருந்து போகும் ஊர்ப்பெயர்களைச் சொல்வது போல.

வைஷாலி இருபத்து மூன்று வயதுப் பெண். பைக்கில் போகும்போது லாரி இடித்துத் தலையில் அடிபட்டு, மூன்று வாரமாக நினைவில்லாமல் கிடந்தாள். அவள் அம்மா இரவும் பகலும் கதவுக்கு வெளியே நாற்காலியில்தான் இருந்தாள். எக்ஸ்ரே எடுக்கும்போது யாரும் உள்ளே இருக்கக்கூடாது என்று அவளை வெளியே அனுப்பியிருப்பார்கள். பவதாரிணிதான் ஈயக் கவசம் போட்டுக்கொண்டு, தலையைப் பிடிக்க உள்ளே நின்றிருக்கிறாள்.

"நீ பாத்துட்டு நின்னியா?" தமயந்தியின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "கத்தலையா? கையத் தட்டிவிடலையா? அந்தாளு உன் முன்னாடியேவா?"

"ஆமா சிஸ்டர்."

"அது தப்புன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் சிஸ்டர்." பவதாரிணி யோசித்து, கவனமாகத் தேர்வுக்குப் பதில் எழுதுகிறவள் போலச் சொன்னாள். "தப்பு. சட்டப்படி குற்றம். அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். ஆனா அப்போ எனக்கு ஏதாவது பண்ணணும்னு தோணலைங்க சிஸ்டர். ஏன் தோணலைன்னு எனக்கும் தெரியலை. போன மாசம்கூட அவர் இப்படிப் பண்ணினார்னு எங்க பேட்ச் ஜோத்ஸ்னா சொன்னா. பட்டைக்காரிங்க முன்னாடி என்ன வேணாலும் பண்ணலாம்னு டெக்னீஷியன்களுக்குள்ள பேச்சிருக்குதாம்."

தமயந்தி எழுந்து வாஷ்பேசினுக்குப் போனாள். வாந்தி வரவில்லை, வந்திருந்தால் தேவலை. முகத்தைக் கழுவிவிட்டு நேரே பதினாலாம் அறைக்கு நடந்தாள். வைஷாலியின் அம்மா அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"சிஸ்டர், உங்க பொண்ணு பவதா இருக்குதே, தங்கமான பொண்ணு. எக்ஸ்ரே எடுக்கறப்ப என்னைய வெளிய போகச் சொன்னாங்க. அந்தப் பொண்ணு உள்ள இருக்கறதனால நான் தைரியமா உக்காந்திருந்தேனுங்க."

தமயந்தியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்மா. கொஞ்சம் பொறுங்க, வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினாள்.

ரெஜினா எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார். பேனா மூடியைத் திருகி மூடினார்.

"சரி. விசாரிக்கலாம். பிரேம்நாத்தை வேற பிளாக்குக்கு மாத்தச் சொல்றேன்."

"வேற பிளாக்குக்கா? அங்கேயும் பொம்பளைங்க படுத்திருக்காங்க மேடம்."

"போலீஸுக்குப் போனா பேப்பர்ல வரும். அந்தப் பொண்ணு பேரும் வெளிய வரும். அவ அம்மாவுக்கு அதனால என்ன நல்லது? பொறுமையாப் பாருங்க."

சொன்னதெல்லாம் காதில் விழுந்தாலும், தமயந்தி வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அந்த முகம். ஒரு பல்செட்டுக்காக ஒருவனை அறைந்த பெண்ணின் முகம் அது. இப்போது அதில் ஒரு நரம்பு அசையவில்லை. உதடு கோணவில்லை. மழை வருமா என்று பேசுகிறவர் போல இருந்தார்.

"மேடம், உங்களுக்குக் குமட்டலையா?"

ரெஜினா கொண்டையை ஒரு கையால் தூக்கித் தலையைத் திருப்பிக் காட்டினார். காதுக்குப் பின்னால், நரைக்கு நடுவில், தோல் நிறத்தில் அந்தப் பட்டை.

"பிள்ளைங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே நான் போட்டுட்டேன். எனக்கு முன்னாடி நிர்வாகத்துல போட்டுட்டாங்க" என்றார். "தினமும் இதே மாதிரி ஒரு புகார் இந்த மேஜைக்கு வரும், தமயந்தி. ஒண்ணைத் தீர்த்தா ரெண்டு வரும். நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாச் சோறு தின்னு எத்தனையோ வருஷம் ஆகியிருந்துச்சு. இப்போ சாப்பிடறேன். தூங்கறேன். முடிவெடுக்க முடியுது." அவர் குரலில் கொஞ்சம் பரிவுகூட இருந்தது. "அடுத்த மாசத்துல இருந்து ப்ரிசெப்டர்களுக்கும் போடறதா இருக்காங்க. உங்களுக்கும் நல்லது. நீங்க இளைச்சுட்டே போறீங்க."

தமயந்தி எழுந்துகொண்டாள். அந்த அறையில் மல்லிகை வாசனைத் திரவம் தெளித்திருந்தார்கள். எந்தச் சீழ் நாற்றமும் அவளை அப்படி விரட்டியதில்லை. படியிறங்கி வெளியே வந்துதான் மூச்சு விட்டாள்.

வைஷாலியின் அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மரத்தடிக்குக் கூட்டிப் போய்ச் சொன்னாள். அந்த அம்மாள் கத்தவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சற்று நேரம் குலுங்கினாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கீங்க போகோணும்? நான் வர்றேன்" என்றாள்.

பார்த்த சாட்சி பவதாரிணி ஒருத்திதான். தமயந்தி அவளை விடுதி வாசலில் போய்ப் பார்த்தாள்.

"நாளைக்கு மகளிர் போலீஸ் ஸ்டேஷன் போறோம். நீ வந்து பாத்ததைச் சொல்லணும்."

"சொல்றேன் சிஸ்டர்." அதே சலனமில்லாத குரல்.

"இப்படிச் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க பவதா. பக்கத்துல நின்னவளுக்கே ஒண்ணும் ஆகலையே, அப்படி என்ன பெருசா நடந்திருக்கும்பாங்க." தமயந்தி தயங்கினாள். தான் கேட்கப்போவது எப்பேர்ப்பட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. "அதைக் கழட்டிட்டு வர முடியுமா?"

பவதாரிணியின் கை தானாகக் காதுப் பக்கம் போனது. "கழட்டினா வார்டுல என்னை எடுக்கமாட்டாங்க. கையெழுத்துப் போட்டிருக்கேன். முதல் வருஷம் நான் மூணு தடவை மயங்கி விழுந்தேன் சிஸ்டர். வீட்டுக்குப் போயிடறேன்னு பெட்டியெல்லாம் கட்டிட்டேன். இது வந்ததனாலதான் இருக்கேன்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள்: "பாவாத்தாக்காவை யார் பாப்பாங்க?"

"நான் பாத்துக்கறேன்."

"நீங்க மூக்கைச் சுளிப்பீங்க. அவங்க அழுவாங்க."

அது உண்மை. தமயந்தி மறுக்கவில்லை. "எனக்கு உன்னைக் கட்டாயப்படுத்த உரிமை இல்லைம்மா. கேக்கத்தான் முடியும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

மறுநாள் காலை விடுதியிலிருந்து போன் வந்தது. பவதாரிணி நேற்று மாலையே பட்டையை உரித்துவிட்டாள். குளியலறையை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறாள்.

தமயந்தி போனபோது அவள் ஈரத் தரையில் சுவரில் சாய்ந்து கிடந்தாள். நகத்தைச் சுற்றித் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. சோப்புப் போட்டுப் போட்டுத் தேய்த்திருக்கிறாள்.

"சிஸ்டர், அந்தத் தயிர்சாதம்" என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் குனிந்து ஓங்கரித்தாள். வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை, வெறும் பித்தம் வந்தது. ஐந்து மாதம் கையால் அள்ளியது, துடைத்தது, முகர்ந்தது எல்லாம் வரிசையாக வந்து அவளிடம் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அது பதினாலாம் அறைக்கு வந்து சேர்ந்தது. "நான் அவ தலையைப் பிடிச்சுட்டு இருந்தேன் சிஸ்டர். ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு இருந்தேன். அவன் பண்றதுக்கு வாகா நான் பிடிச்சுக் குடுத்திருக்கேன்." அவள் தன் கைகளைத் தன்னிடமிருந்து தூர நீட்டி வைத்துக்கொண்டு அழுதாள்.

தமயந்தி அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். வாந்தி அவள் புடவையெல்லாம் ஆனது. இத்தனை வாரங்களில் முதல்முறையாக அவளுக்கு எதுவும் குமட்டவில்லை.

மகளிர் காவல் நிலையத்தில் பவதாரிணி சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நடுவே இரண்டு முறை எழுந்து வெளியே ஓடினாள். எழுதிக்கொண்டிருந்த பெண் இன்ஸ்பெக்டர் ஒரு கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த ஏட்டம்மாவிடம், "அந்தாளு போனை இன்னிக்கே கைப்பத்தணும்" என்றார். அவர் முகம் கோணியிருந்தது. அந்தக் கோணலைப் பார்த்தபோது தமயந்திக்குத் தண்ணீர் குடித்தது போல இருந்தது.

போனில் இருந்தது வைஷாலி மட்டும் அல்ல, வேறு பெண்களும் இருந்தார்கள். பிரேம்நாத் கைதானான். ஆஸ்பத்திரி அவனைத் தெரியவே தெரியாதது போல ஒரு அறிக்கை விட்டது. பட்டை போடும் திட்டத்தை நிறுத்தவில்லை; ஐந்தாறு மாணவிகள் தாங்களாகக் கழற்றினார்கள், மற்றவர்கள் கழற்றவில்லை. அவர்களைக் குறை சொல்ல தமயந்திக்கு வாய் வரவில்லை. பட்டை போட மாட்டேன் என்று சொன்னதால் அவளுடைய ப்ரிசெப்டர் பதவி போயிற்று. பழையபடி ஸ்டாஃப் நர்ஸாகப் பதினோராம் அறைப் பக்கமே போட்டார்கள். பட்டையைக் கழற்றியதற்காகப் பவதாரிணியைக் கல்லூரியில் ஒரு வருடம் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். பெட்டியைக் கட்டுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் கட்டவில்லை. பட்டை இல்லாமலேயே வார்டுக்கு வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்; போலீஸ் சாட்சியை வேண்டாமென்று சொல்ல நிர்வாகம் துணியவில்லை.

வந்த அன்று பதினோராம் அறை வாசல்படியில் நின்றுவிட்டாள். நாற்றம் கதவிடுக்கு வழியாகவே வந்தது. கண்ணில் நீர் கட்டியது.

"நானும் வர்றேன், வா" என்றாள் தமயந்தி. இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

பாவாத்தாள் தலையைத் திருப்பி பவதாரிணியைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு கணம் ஓடி மறைந்ததைக் கண்டுகொண்டாள். நோயாளிகள் மற்றவர்களின் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள். வேறு வேலை ஏது அவர்களுக்கு.

"உனக்கும் வந்துருச்சா கண்ணு" என்றாள் மெல்ல. சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

பவதாரிணி கையுறையை மாட்டினாள். துணியை ஊறவைத்தாள். இம்முறை சும்மா உட்காராமல், பாவாத்தாளின் உள்ளங்காலைப் பிடித்துவிட்டாள். வாயால் மூச்சு விட்டாள். இரண்டு முறை எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். கட்டு மாற்றி முடிக்க வழக்கத்தைவிட இருமடங்கு நேரம் ஆனது. முடித்தபோது அவள் நெற்றியெல்லாம் வியர்வை.

பாவாத்தாள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏனுங்க அம்மிணி. குமட்டாம இருக்கறதுக்கு இந்தப் புள்ளைக காதுக்குப் பின்னால ஒட்டிக்குதாமா, அந்தப் பட்டைய எனக்கு ஒண்ணு ஒட்டுவீங்களா?"

இருவருக்கும் சட்டென்று விளங்கவில்லை.

"உங்களுக்கா அக்கா? எதுக்கு?"

"நீங்க எல்லாரும் வாறீங்க, வேலைய முடிச்சுட்டுப் போயிர்றீங்க. நான் எங்க போவேன்?" அவள் திரும்பவில்லை. "ராத்திரி பகலா இதுகூடத்தானே படுத்துக் கெடக்கறேன். சோத்த வாய்க்குக் கொண்டு போனா முன்னாடி இது வந்து நிக்குது. என்ற ஒடம்பு நாத்தம் எனக்கே ஆகல அம்மிணி. கண்ணத் தொறந்து அதப் பாத்து எத்தன நாளாச்சோ. என்ற மக மூக்கப் பொத்துனா நான் அவள ஏன் வையறேன்? நானுந்தேன் பொத்திக்கறேன்."

தமயந்தி பவதாரிணியைப் பார்த்தாள். பட்டையைச் செய்த கம்பெனிக்காரர்கள், நிர்வாகம், ரெஜினா, கல்லூரி, தான் உட்பட இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை. அருவருப்பில் இருபத்து நான்கு மணி நேரமும் கிடந்தவள் இவள் ஒருத்திதான். இவளைத் தவிர எல்லோருக்கும் ஒட்டியிருக்கிறார்கள்.

பாவாத்தாளைப் பார்க்கும் டாக்டரிடம் தமயந்தி கேட்டபோது, அவர் "ஏன் கூடாது?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பவதாரிணி விடுதிக்கு ஓடிப்போய், பிரிக்காமல் கிடந்த தன்னுடைய பட்டை ஒன்றை எடுத்து வந்தாள். பாவாத்தாளின் முடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் பஞ்சால் துடைத்து, அதை ஒட்டி விரலால் அழுத்தினாள்.

மறுநாள் காலை அவர்கள் கட்டு மாற்றப் போனபோது பாவாத்தாள் தலையணையைச் சாய்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தட்டில் இட்லியின் தடம்கூட இல்லை. பவதாரிணி துணியை எடுத்ததும், அவள் முதல்முறையாகக் குனிந்து தன் மார்பை நன்றாகப் பார்த்தாள். கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்து, தறியில் அறுந்த இழையைத் தேடுகிறவள் போல வெகுநேரம் பார்த்தாள்.

"இதுதானா" என்றாள். "நான் என்னமோ ஏதோனு பயந்துட்டுக் கெடந்தேன்."

பிறகு நிமிர்ந்தாள். மூச்சை அடக்கிக் கண் கலங்கி நின்ற பவதாரிணியையும், அவள் பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற தமயந்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"மூஞ்சியப் பாரு ரெண்டு பேருக்கும்! போங்க கண்ணு, வெளிய போயிச் சித்த நேரம் காத்தாட நின்னுட்டு வாங்க. நான் எங்கீம் போயிர மாட்டேன்."

இருவரும் போகவில்லை.